பாஸ்போர்ட் போட்டோவில் ஒரு வெள்ளித் தோடு

வங்கியில் புதுக் கணக்கு தொடங்க வருகிறவரிடம் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ கேட்போம். பின்னால் வெள்ளையாக இருக்க வேண்டும், முகம் நேராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆள் இவர்தான் என்று அடையாளம் தெரிந்தால் போதும். அந்தப் போட்டோவைக் காட்டி யாரும் சம்பந்தம் பேசுவதில்லை. அதற்கென்று நல்ல சட்டை போட்டுக்கொண்டு, ஸ்டூடியோவுக்குப் போய், தனியாக ஒன்று எடுப்போம்.

கையால் செய்த வெள்ளி நகையை இணையத்தில் விற்க நினைக்கிறவருக்கு இந்த வசதி இல்லை. பாஸ்போர்ட் போட்டோவைக் காட்டித்தான் அவர் சம்பந்தம் பேசியாக வேண்டும். அமேசான் போன்ற பெரிய சந்தைகளில் முதல் படத்துக்கு என்று விதி இருக்கிறது. பின்னணி சுத்த வெள்ளை. அதாவது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 255. பொருள் படத்தில் 85 சதவீதத்தையாவது அடைத்துக்கொண்டிருக்க வேண்டும். கூடவே வேறு படங்களும் போடலாம்தான். ஆனால் தேடும்போது வரிசையாக வந்து நிற்பது அந்த முதல் படம். அதில் விரல் நின்றால்தான் மற்றதெல்லாம். வாட்ஸ்அப்பில் விற்கும் சின்ன வியாபாரிகளும் இப்போது இதையே பின்பற்றுகிறார்கள். வெள்ளையில் எடுத்தால்தான் 'கம்பெனி போட்டோ' மாதிரி இருக்கும் என்று ஒரு நம்பிக்கை.

குக்கருக்கு இந்த விதி சரி. சட்டைக்கும் செல்போனுக்கும் சரி. கையால் செய்த வெள்ளிக்கு மட்டும் இது ஓரவஞ்சனை என்பது என் கட்சி. அழகு கெடுகிறதே என்று நான் அழவில்லை. என் கவலை கூலியைப் பற்றியது. நகையில் எந்தப் பகுதிக்காக ஒரு தொழிலாளிக்குக் கூலி கிடைக்க வேண்டுமோ, அந்தப் பகுதியைத்தான் வெள்ளைப் பின்னணி முதலில் அழிக்கிறது.

எப்படி என்று சொல்கிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கம்பியில் போடும் கோலம்

நான் இப்போது குப்பை கொட்டுவது ஒடிசாவின் கட்டாக்கில். மகாநதி ஒரு பக்கம், காட்டஜோடி ஆறு ஒரு பக்கம், நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு ஒரு பழைய ஊர். வெள்ளி நகரம் என்று பட்டப்பெயர். துர்கா பூஜைக்குப் பல பந்தல்களில் அம்மனுக்குப் பின்னால் வெள்ளியிலேயே பெரிய அலங்காரம் எழுப்புவார்கள். 'சாந்தி மேடா' என்பார்கள். இந்தச் சாந்திக்கு வெள்ளி என்று அர்த்தம். கார்த்திகைப் பௌர்ணமியில் தொடங்கும் பாலி யாத்திரை என்ற பெரிய சந்தையிலும் வெள்ளிக் கடைகள் உண்டு. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது தாரகாசி என்கிற கம்பி வேலை. 'தார்' என்றால் கம்பி. 2024 மார்ச்சில் 'கட்டாக் ரூபா தாரகாசி' என்ற பெயரில் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. தெலங்கானாவின் கரீம்நகரிலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த வேலை உண்டு.

செய்முறையைச் சுருக்கமாகச் சொன்னால்தான் போட்டோ விஷயம் புரியும். 90 சதவீதத்துக்கு மேல் சுத்தமான வெள்ளியை உருக்கிக் கோலாக வார்க்கிறார்கள். துளைகள் போட்ட இரும்புத் தகட்டில் பெரிய துளை, அதைவிடச் சின்னது, அதைவிடச் சின்னது என்று இழுத்து இழுத்து மெல்லிய கம்பியாக்குகிறார்கள். பிறகு இரண்டு கம்பிகளைச் சேர்த்து முறுக்கித் தட்டையாக நசுக்குகிறார்கள். இந்த இடத்தைக் கவனியுங்கள். முறுக்கி நசுக்கியதால் கம்பியின் ஓரத்தில் ஒரு ரூபாய்க் காசின் விளிம்பு மாதிரி பொடிப் பொடியாகப் பல் விழும். தாரகாசி நகை லேசாக அசைந்தாலே மினுமினுப்பது இந்தப் பல்லினால்தான்.

கொஞ்சம் தடித்த கம்பியில் இலை, மயில், பூ என்று சட்டம் கட்டி, அதற்குள் இந்தப் பல் கம்பியைச் சுருள் சுருளாக வளைத்து அடைக்கிறார்கள். வெங்காரம் தடவி, பற்றுப்பொடி தூவி, நெருப்பு ஊதி ஒட்டுகிறார்கள். பொடி வைத்து ஊதுவது நம்மூர் ஆசாரிகளுக்கும் தெரிந்த வித்தைதான். ஊதும்போது சூடு ஒரு நொடி கூடினால் பொடியோடு சேர்ந்து கம்பியும் உருகி ஓடிவிடும். காலையிலிருந்து செய்தது போச்சு.

முடிந்த நகையில் பாதிக்குப் பாதி வெற்றிடம். அந்த வெற்றிடம்தான் வேலை. எத்தனை சுருள், எவ்வளவு நெருக்கம், இடைவெளி எவ்வளவு சீர் என்பதை வைத்துத்தான் ஒரு கை இன்னொரு கையைவிட உசத்தி என்று சொல்கிறார்கள்.

இப்போது இதைத் தூக்கி ஒரு வெள்ளைத் தாளில் வையுங்கள்.

வெள்ளை மொசைக்கில் கோலம்

சாணி மெழுகிய வாசலிலோ சிமெண்ட் தரையிலோ போட்ட கோலம் தெருமுனையிலிருந்தே தெரியும். அதே கோலத்தை அதே மாவில் வெள்ளை மொசைக் தரையில் போட்டுப் பாருங்கள். போட்ட அம்மாவுக்கே எங்கே விட்டோம் என்று தெரியாது. தாரகாசிக்கு வெள்ளைப் பின்னணியில் நடப்பது இதுதான். கம்பியும் வெள்ளை, இடைவெளியில் தெரியும் தாளும் வெள்ளை. நூறு சுருள் வளைத்தவரின் வேலை ஒரு வெளிர் சாம்பல் திட்டாகப் போய்விடுகிறது.

வெள்ளிக்கென்று ஒரு கூடுதல் பிரச்சனையும் உண்டு. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஏறக்குறைய 95 சதவீதத்தை வெள்ளி திருப்பி அனுப்பிவிடும். உலோகங்களில் இதை மிஞ்ச ஆளில்லை. ஆகவே பளபளப்பான வெள்ளியைப் போட்டோ எடுக்கும்போது பெரும்பாலும் நீங்கள் எடுப்பது வெள்ளியை அல்ல, அதைச் சுற்றி இருப்பதைத்தான். கீழே வெள்ளைத் தாள், மேலே வெள்ளைச் சுவர், பக்கத்தில் டியூப்லைட் என்றால் நகைக்குள்ளும் அதுவேதான். சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு எடுத்தால் சிவப்பு விழும். ஒருவர் காட்டிய படத்தில் வளையலின் உட்புறத்தில் குட்டியாக அவரே செல்போனோடு நின்றுகொண்டிருந்தார். கையெழுத்துப் போட்ட ஓவியர் மாதிரி!

பழைய வியாபாரிகளுக்கு இது தெரியாதா? நகைக்கடையில் வெள்ளியை மடித்துத் தரும் அந்த ரோஸ் தாளை நினைத்துப் பாருங்கள். கடைத் தட்டில் விரித்திருக்கும் நீலமோ சிவப்போ வெல்வெட்டை நினைத்துப் பாருங்கள். மாற்றுப் பார்க்கும் உரைகல்கூடக் கறுப்பு. வெள்ளைத் தாளில் வெள்ளியை வைத்து யாரும் வியாபாரம் செய்ததாக எனக்கு நினைவில்லை. கம்ப்யூட்டர் திரை வந்த பிறகுதான் இந்த வழக்கம்.

கேமராவும் தன் பங்குக்குப் படுத்தும். படத்தின் மொத்த வெளிச்சமும் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் அளவில் இருக்கும் என்று எண்ணித்தான் அது கணக்குப் போடுகிறது. எல்லாமே வெள்ளை என்றால் 'அடடா, வெளிச்சம் அதிகம்' என்று குறைத்துவிடும். வெள்ளைத் தாள் அழுக்குச் சாம்பலாக விழும். விதிப்படி 255 வேண்டுமே! உடனே ஏதாவது ஒரு செயலியில் போட்டு வெளிச்சத்தை ஏற்றுவார்கள். தாள் வெளுக்கும், கூடவே நகையும் வெளுக்கும். ஓரத்துப் பல் முதலில் போகும், பிறகு சுருள்.

இல்லையென்றால் பின்னணியைத் தானாக வெட்டி எடுக்கும் செயலி. குக்கரை அழகாக வெட்டும். தாரகாசியில் எது கம்பி, எது ஓட்டை என்று அதற்குக் குழப்பம். சில இடத்தில் ஓட்டையை அடைத்துவிடும், சில இடத்தில் கம்பியைத் தின்றுவிடும். நிழலையும் சேர்த்து வெட்டிவிடுவதால் தோடு அந்தரத்தில் தொங்கும். அடுக்கடுக்காகக் கட்டிய பூவுக்கு ஆழமே இல்லாமல் போய், ஸ்டிக்கர் மாதிரி தெரியும்.

வேடிக்கை என்னவென்றால், இந்தச் சோதனையில் தேறுவது போலிதான். அச்சில் வார்த்த நகையில் கம்பி மாதிரி தெரிவதெல்லாம் கம்பியே அல்ல, கோடு. தடிமனாக, மழுங்கலாக, ஓட்டை குறைவாக இருக்கும். வெளிச்சத்தை ஏற்றினாலும் தாங்கும், செயலி வெட்டினாலும் தாங்கும். கட்டைவிரல் நகமளவு படத்தில் பளிச்சென்று நிற்கும். ஜெர்மன் சில்வரும் அப்படித்தான். அதில் செம்பு, நிக்கல், துத்தநாகம் உண்டு. வெள்ளி மட்டும் பெயரில்தான் உண்டு. வெள்ளைப் பின்னணியில் மூன்றையும் அடுத்தடுத்து வைத்தால் கைவேலைதான் கொஞ்சம் மங்கலாக, ஏதோ சுமாராக எடுத்த போட்டோ மாதிரி இருக்கும்.

85 சதவீதக் கணக்கு

எல்லாப் பொருளும் சட்டத்தை 85 சதவீதம் அடைத்தால் என்ன ஆகும்? 2 சென்டிமீட்டர் ஜிமிக்கியும் 5 சென்டிமீட்டர் ஜிமிக்கியும் திரையில் ஒரே அளவு. அளவைக் கீழே எழுதியிருப்பார்கள். யார் படிக்கிறார்கள்? பெட்டியைப் பிரித்ததும் 'ஐயே, இவ்வளவு சின்னதா' என்று திருப்பி அனுப்புவார்கள். போக வரக் கூரியர் செலவில் ஒரு பகுதியாவது விற்றவர் தலையில் விழும். திரும்பி வந்த நகையில் ஒரு சுருள் நசுங்கியிருந்தால் அதுவும் அவர் தலையில்.

நான் படித்தது பி.காம். அடக்கவிலைக் கணக்கில் மூலப்பொருள், கூலி, இதர செலவு என்று மூன்று வரி போடச் சொல்லிக் கொடுத்தார்கள். தாரகாசிக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இதெல்லாம் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொள்ளும் எண்கள்தான். கிராம் 200 ரூபாய் என்றால் 8 கிராம் தோட்டுக்கு வெள்ளி 1,600. இரண்டு நாள் வேலை, நாளுக்கு 800 கூலி என்றால் இன்னொரு 1,600. ஆக 3,200. அச்சில் வார்த்த அதே 8 கிராமுக்கு வெள்ளி 1,600, கூலி ஒரு 200 வைத்தால் 1,800. இரண்டுக்கும் 1,400 ரூபாய் வித்தியாசம்.

இந்த 1,400 ரூபாய்க்குப் படத்தில் சாட்சி எங்கே? கம்பி ஓரத்துப் பல்லிலும் சுருளின் இடைவெளியிலும் மட்டும்தான். வெள்ளைப் பின்னணி அழிப்பதும் சரியாக அந்த இரண்டைத்தான். அதாவது, அடக்கவிலைப் பட்டியலில் கூலி வரியை மட்டும் வெள்ளையடித்துவிட்டு வாங்குகிறவரிடம் நீட்டுகிறோம். அவர் மிச்சமிருக்கும் ஒரே வரியைப் பார்த்துக் கேட்கிறார்: "கிராம் என்ன ரேட்டு? 8 கிராமுக்கு 3,200-ஆ?" அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவருக்குக் காட்டியது அவ்வளவுதான்.

2025-ல் வெள்ளி விலை ஆடிய ஆட்டம் இதை இன்னும் மோசமாக்கியது. கிலோ 1 லட்சத்தைத் தாண்டியதே பெரிய செய்தியாக இருந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் 2 லட்சத்தையும் தாண்டிவிட்டது. உலோகத்தின் விலை ஏறும்போது வாங்குகிறவர் பட்ஜெட் அதே வேகத்தில் ஏறுவதில்லை. எங்கே குறைப்பார்கள்? கூலியில்தான். கூலிக்கு என்ன காரணம் என்று கண்ணால் காட்ட முடியாதவர் அந்தப் பேரத்தில் தோற்றுப்போவார்.

எங்கள் கிளைக்கு வரும் ஒரு பெரியவர் இருக்கிறார். இங்கே அந்த வயதுக்காரர்களை 'மௌசா' என்று கூப்பிடுவது வழக்கம். நம் பெரியப்பா, சித்தப்பா மாதிரி. "பையன் கொரியர் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறேன் என்கிறான் சார். மாசம் பிறந்தால் சம்பளமாம். என்ன பதில் சொல்வது?" என்றார். எனக்கும் பதில் தெரியவில்லை. கையிலிருந்த ஒரு மயிலைக் காட்டினார். ஜன்னல் வெளிச்சத்தில் அவர் உள்ளங்கையில் அது எப்படி இருந்தது என்று எழுத எனக்கு வராது. பிறகு அதே மயில் விற்பனைக்குப் போட்டிருந்த படத்தைச் செல்போனில் காட்டினார். இரண்டும் ஒன்று என்று அவர் சொல்லித்தான் நம்ப வேண்டியிருந்தது.

எதிர்க்கட்சி வாதம்

வெள்ளைப் பின்னணிக்குச் சாதகமாகச் சொல்வதற்கும் நியாயங்கள் உண்டு.

ஒன்று, ஒப்பிட வசதி. பத்துப் படமும் பத்து நிறத்தில் இருந்தால் கண் கூசும். ஒத்துக்கொள்கிறேன்.

இரண்டு, ஜோடனை ஏமாற்றும். பழைய மரப்பலகை, நான்கு ரோஜா இதழ், பின்னால் மங்கலாக ஒரு விளக்கு என்று போட்டால் எந்தத் தகரமும் அரண்மனைச் சொத்து மாதிரி இருக்கும். வெள்ளையில் அந்தப் பாசாங்குக்கு இடமில்லை. இதையும் ஒத்துக்கொள்கிறேன். சொல்லப்போனால் எனக்கும் அந்த ரோஜா இதழ் போட்டோக்கள் பிடிக்காது.

மூன்று, செலவு. ஒரு வெள்ளைத் தாள் போதும், ஏழைத் தொழிலாளிக்கு அதுதான் கட்டுப்படியாகும். இங்கேதான் இடிக்கிறது. தாள் மலிவுதான். ஆனால் வெள்ளைத் தாளில் வெள்ளியை ஒழுங்காக எடுப்பது போட்டோகிராபர்களுக்கே கஷ்டமான பாடம். மலிவு என்று சொல்லி, இருப்பதிலேயே கஷ்டமான பரீட்சையை, பயிற்சியே இல்லாதவருக்கு வைக்கிறோம். அருங்காட்சியகங்களின் பட்டியல்களைப் பாருங்கள். வெள்ளிப் பாத்திரங்களையும் நகைகளையும் பெரும்பாலும் மேலே அடர்ந்து கீழே வெளிறும் சாம்பல் பின்னணியில் எடுத்திருப்பார்கள். அங்கும் ஜோடனை இல்லை, ஒப்பிடவும் முடிகிறது. சாதாரணமான பின்னணி என்றால் வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை.

சரி, என்ன செய்யலாம்?

விதி மாறும்வரை வெள்ளையில்தான் எடுத்தாக வேண்டும். விஷயம் தெரிந்தவர்கள் செய்வதைத் தொகுத்துத் தருகிறேன். உங்களுக்குத் தெரிந்த யாராவது வெள்ளி நகை செய்தால் படித்துக் காட்டுங்கள்.

1. நேரடி வெயில் விழாத ஜன்னல் ஓரம். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு வெளிச்சம் கலந்தால் வெள்ளி ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் நீலம் என்று இரண்டு நிறம் காட்டும்.

2. ஜன்னலுக்கும் நகைக்கும் நடுவில் ஒரு பட்டர் பேப்பரோ மெல்லிய வெள்ளை வேட்டியோ கட்டுங்கள். வெளிச்சம் பரவலாக விழும்.

3. முக்கியமானது இதுதான். கறுப்புச் சார்ட் அட்டையை நான்கு விரல் அகலத்துக்கு வெட்டி, நகையின் இரண்டு பக்கமும் படத்துக்குள் வராதபடி நிறுத்துங்கள். அந்தக் கறுப்பு கம்பியின் விளிம்பில் பிரதிபலித்து ஒரு மெல்லிய கோடு போடும். வெள்ளைத் தாளிலிருந்து வெள்ளி பிரிந்து நிற்க அந்தக் கோடு போதும். விதியையும் மீறவில்லை. அட்டை விலை ஒரு டீ, ஒரு வடை.

4. நகையைத் தாளின் மேலேயே வைக்காமல் ஒரு கண்ணாடித் துண்டின் மேல், தாளிலிருந்து நான்கைந்து அங்குலம் உயர்த்தி வைத்தால் நிழலும் சுருளும் ஒன்றோடொன்று குழம்பாது.

5. செல்போனை நகையின் மூக்கில் இடிக்காதீர்கள். கொஞ்சம் தள்ளி நின்று இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுங்கள். கிட்டப் போனால் வடிவம் கோணும், போனின் நிழலும் விழும். எதன் மேலாவது சாய்த்து வைத்து, இரண்டு நொடி டைமர் போட்டால் கை ஆடாது.

6. திரையில் நகையைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். சுருளின் பல் மறையத் தொடங்கும் இடத்துக்கு ஒரு படி முன்னால் நிறுத்துங்கள். தாள் இன்னும் சாம்பலாக இருந்தால் பரவாயில்லை. பிறகு தாளை மட்டும் வெளுக்கலாம், நகையைத் தொடக்கூடாது.

7. சுருளின் இடுக்கில் கறுப்பு ஏற்றும் வேலை தெரிந்தால் சில டிசைன்களுக்குச் செய்யலாம். கடையில் 'ஆக்ஸிடைஸ்டு' என்பார்கள். உண்மையில் அது கந்தகம் பட்டு வரும் சில்வர் சல்ஃபைடு. பீரோவில் கிடக்கும் கொலுசு தானாகக் கறுப்பதும் இதே சங்கதிதான். இடுக்கில் கறுப்பு இருந்தால் வெள்ளைப் பின்னணியிலும் வேலைப்பாடு தெரியும்.

இது முதல் படத்துக்கு. மற்ற படங்களில் நகையை ஒரு கையிலோ காதிலோ காட்டுங்கள், அளவு புரியும். அடுத்து, நகையின் பின்பக்கம். கைவேலையைப் பின்பக்கம் காட்டிக்கொடுத்துவிடும், அச்சில் வார்த்ததையும்தான். பிறகு கம்பி ஓரத்தின் நெருக்கப் படம், கறுப்பிலோ சாம்பலிலோ. ஹால்மார்க் இருந்தால் அதன் படம். 2025 செப்டம்பர் 1 முதல் வெள்ளிக்கும், விருப்பப்பட்டால் பெறலாம் என்ற அளவில், எச்யூஐடி எண்ணோடு ஹால்மார்க் வந்தது.

மற்றவர்கள் பங்கு

எல்லாவற்றையும் தொழிலாளி தலையிலேயே கட்டுவது நியாயமில்லை. 2023 செப்டம்பர் 17-ல் தொடங்கிய பிஎம் விஸ்வகர்மா திட்டத்தில் 18 தொழில்கள். பொற்கொல்லர் அதில் உண்டு. கருவி வாங்க 15,000 ரூபாய், முதலில் 1 லட்சம், பிறகு 2 லட்சம் வரை 5 சதவீத வட்டியில் கடன், பயிற்சி என்று நல்ல அம்சங்கள். குறை சொல்ல மாட்டேன். ஆனால் கருவி என்றதும் நம் எல்லோர் மனதிலும் வருவது சுத்தியும் குறடும் ஊதுகுழலும்தான். இன்று ஜன்னலில் கட்டும் துணியும், ஒரு ஸ்டாண்டும், இரண்டு கறுப்பு அட்டையும்கூடக் கருவிதான். இணையத்தில் விற்கச் சொல்லும் ஒரு பயிற்சியில் போட்டோவுக்கென்று அரை நாள் ஒதுக்கினால் என்ன?

என் சொந்தத் துறையையும் விடுவதாக இல்லை. கடனுக்கு வரும் திட்ட அறிக்கையில் இயந்திரத்துக்கு ஒரு கட்டம், மூலப்பொருளுக்கு ஒரு கட்டம், வாடகைக்கு ஒரு கட்டம் இருக்கும். படம் எடுக்கும் செலவு என்று ஒருவர் எழுதினால் அதை ஆடம்பரமாகப் பார்க்கிற கண் நமக்கு. இருபது பட்டறை உள்ள ஒரு தெருவுக்குப் பொதுவாக ஒரு சின்ன அறை, நாலு விளக்கு, ஒரு படித்த பையன். ஒரு நகையின் ஐந்து படத்துக்கு இவ்வளவு என்று வாங்கினால் அவனுக்கும் பிழைப்பு. மௌசாவின் பையன் கூரியர் பையைத் தூக்குவதற்குப் பதில் இதைச் செய்யலாமே என்று எனக்கு ஓர் ஆசை.

சந்தை நடத்தும் கம்பெனிகளுக்கும் ஒரு விண்ணப்பம். சட்டைக்கு அளவுப் பட்டியல் வைக்கத் தெரிந்த உங்களுக்கு, கைவேலை வெள்ளி என்று ஒரு பிரிவு வைத்து, அதில் சாம்பல் பின்னணியை அனுமதிப்பது பெரிய காரியமா? எடை, அளவு, பின்பக்கப் படம், கையில் வைத்த படம் இந்த நான்கையும் கட்டாயமாக்குங்கள். திரும்பி வரும் பார்சல் குறைந்தால் லாபம் உங்களுக்கும்தான்.

கடைசியாக, வாங்கும் நாம். நம்மூரில் சேலத்துக் கொலுசு வாங்கும்போது கடைக்காரர் தட்டில் கொட்டுவார். எடுத்துப் பார்ப்போம், ஆட்டிக் காதில் கேட்போம், கொக்கியை இழுத்துப் பார்ப்போம். செய்கூலி, சேதாரம் என்று அரை மணி நேரம் பேரம் பேசினாலும் கையில் வேலை தெரிந்துகொண்டுதான் பேசுவோம். திரையில் அது முடியாது. ஆகவே கிராம் ரேட் கேட்பதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். "பின்பக்கம் ஒரு படம் அனுப்புங்களேன்." "கையில் வைத்து ஒன்று எடுத்து அனுப்புங்களேன்." நல்ல கைவேலைக்காரர் யாரும் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

பாஸ்போர்ட் போட்டோ இருக்கட்டும். ஆள் அடையாளத்துக்கு அது வேண்டும்தான். விலை பேசுவது மட்டும் இரண்டாவது போட்டோவைப் பார்த்த பிறகு இருக்கட்டும்.

டிஸ்கி: நான் போட்டோகிராபர் இல்லை, நகை வியாபாரியும் இல்லை. எந்தக் கடைக்கும் விளம்பரமும் இல்லை. வெள்ளி நகை எடுத்துப் பழகியவர்கள் யாராவது இருந்தால், மேலே சொன்ன ஏழில் விட்டுப்போனதைப் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். ஹிந்தியில் எழுதி பிரிண்ட் எடுத்து இங்கே நாலு பட்டறையில் கொடுக்கிறேன்.